கற்பூரம் எரிந்தால் இறங்கலாம்

ஆம்பூர்
ஞாயிறு

அன்பு மகள் தேவிகாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அந்தப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? என் கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அம்மா சொன்னதும், அந்த வேலையே வேண்டாம் என்று போனில் அழுதாய். நீ அழுதால் எனக்குப் பேச்சு வராது, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் தோல் ரசாயன பேக்டரியில் கழிவுக் குழிக்குள் இறங்கி பம்ப்பைக் கழற்றுவது கான்ட்ராக்ட் ஆட்களான எங்கள் வேலை. கம்பெனி ஆட்கள் ஆபீசில் உட்கார்ந்தபடியே, இறங்கலாம் என்று பெர்மிட் எழுதிக் கொடுப்பார்கள். நாங்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, தட்டோடு கயிற்றில் உள்ளே விடுவோம். அணையாமல் எரிந்தால் காற்று நல்ல காற்று, இறங்கலாம். பத்தொன்பது வருஷமாக வருகிறவனுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். புதிதாக வந்த சேப்டி ஆபீசர் இஃப்ரா, உன் வயசுதான் இருக்கும், போன மாதம் முதல் தடவையாகக் காலைக் கூட்டத்தில் எங்களையும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கற்பூரக் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ஆளைக் கொல்கிற கேஸிலும் கற்பூரம் எரியும், ஜாஸ்தியானால் அந்த கேஸே பற்றிக்கொள்ளும் என்றார். எனக்கு ரோஷம் வந்தது, ஆனாலும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை பம்ப் அடைத்துக்கொண்டது. சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார். பெர்மிட்டில் கேஸ் இல்லை என்று எழுதியிருந்தது. ஒடுகத்தூரிலிருந்து வரும் புகழேந்தி ஏணியில் கால் வைத்துவிட்டான். கேஸை அளக்கிற மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தது யார் என்று கேட்டேன், சூப்பர்வைசர் பெர்மிட் தாளையே திரும்ப நீட்டினார். "மீட்டர் வராம எவனும் எறங்கக் கூடாது. பாஸ் வேணும்னா வாங்கிக்கோ சார்" என்றேன். வாங்கிக்கொண்டார்தான். அதற்குள் இஃப்ரா மீட்டரோடு வந்து கயிற்றில் இறக்கினார், பாதிக் குழி போவதற்குள் அது அலறியது. புகழேந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான், ஆவணியில்தான் கல்யாணமானவன். இத்தனை வருஷம் எத்தனை பேரை என் வாயால் இறங்கச் சொல்லியிருக்கிறேன், கடவுள்தான் காப்பாற்றியிருக்கிறார்.

பாஸ் அன்று சாயங்காலமே திரும்பி வந்தது. இப்போது கான்ட்ராக்ட் ஆள் ஒருவன் மீட்டரைத் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் குழி மூடியைத் திறக்க முடியாது. கையெழுத்துப் போடுகிறவர்களில் முதல் பெயர் என்னுடையது. நான் விலகினால் அந்த இடத்தில் சரி சார் என்று தலையாட்டுகிறவன் வந்து நிற்பான் தேவி, அதனால் வேலையை விட மாட்டேன்.

உங்கள் வீட்டு கேஸ் ஹீட்டரை ஆள் வைத்துப் பார்த்தாயா, மறக்காதே. இருவரும் நோய்நொடியின்றி நன்றாக இருக்க அம்மாவும் நானும் மனமார வாழ்த்துகிறோம்.

உன் அப்பா,
ரா. ஆதிகேசவன்