கோட் போடாத படம்

2025 ஜூன் 3

இன்றைய டியூட்டோரியல் அமர்க்களம். வெகுசனப் பண்பாட்டுப் பாடத்துக்கு விரிவுரை சுதர்ஷினி மிஸ்ஸுடையது. பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவது உதவி விரிவுரையாளரான நான். கண்ணீர் அஞ்சலி பெனர்களைத் திரையில் காட்டினேன். மாத்தளையில் செத்துப்போன மூன்று பேருக்கும் ஒரே நீலக் கோட், ஒரே டை. கடைக்காரர் ஒட்டிய தலை மட்டும் வேறு. "கோட் சாகவே இல்லை, ஆள்தான் மாறுகிறார்" என்றேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அவரவர் ஊர் பெனரைப் படம் எடுத்து எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 7

தம்பி தயாபரன் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டிவிட்டு வந்து, குளிக்காமலே சோறு கேட்டான். "பெனர் பாக்கிறதுக்கும் கெம்பஸ்ல சம்பளம் குடுக்குறாங்களாக்கா?" அதே கட்டம்போட்ட சட்டை. நவம்பரில் அவனுக்குக் கல்யாணம். அதற்காவது மாப்பிள்ளை வேறு உடுப்புப் போடுவாரா?

ஜூன் 11

நாலந்தாவுக்குப் பக்கத்தில் லொறி புரண்டுவிட்டது. தம்பி போயிட்டான்.

ஜூன் 12

"எம்புள்ளைக்குக் கோட் போட்டு பெனர் அடிக்கச் சொல்லு" என்றாள் அம்மா. மாட்டேன் என்றேன். அவன் ஒருநாளும் கோட் போட்டதில்லையே, செத்த பிறகு எதற்கு வேஷம்? இன்னொரு வகுப்பு அவனைப் பார்த்துச் சிரிக்கவா? உக்குவளையில் பெனர் அடிக்கும் நுஹ்மான் நானாவும் தயங்கினார்: "உம்மா ஆசப்பட்டா ஒரு கோட்டப் போட்டுடுவமே தங்கச்சி."

"வேணாம் நானா. சட்டையோடயே அடிங்க."

சந்தியில், வெள்ளைக்கொடிகளுக்கு நடுவில் கட்டினார்கள். அம்மா அண்ணாந்து பார்த்தாள். திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 20

அம்மா இன்னும் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. தேத்தண்ணி கொடுத்தால் வாங்கி வைக்கிறாள். ஆறிப்போகிறது.

ஜூன் 30

வேலைக்குப் போனேன். திருத்த வேண்டிய கட்டு காத்திருந்தது. றிஸ்லா என்ற பிள்ளையின் எழுத்தைப் புரட்டினால் — தம்பி. பஸ்ஸிலிருந்து எடுத்த படமாம். அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. 'இந்த ஒரு பெனரில் மட்டும் கோட் இல்லை. போலிக்கு இடங்கொடாத குடும்பம். மகனை உள்ளபடியே ஏற்றுக்கொண்ட தாய்' என்று எழுதியிருக்கிறாள்.

எந்தத் தாய்? யாரைக் கேட்டாள்? யாரைத்தான் நான் கேட்டேன்!

நல்ல எழுத்து. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்திருக்கிறாள். எண்பது போட்டேன். பிறகு கக்கூஸில் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

ஜூலை 2

பொறுக்க முடியவில்லை. "ஒரு கோட்டுக்காகவாம்மா இப்பிடி?" என்று கேட்டேவிட்டேன்.

"மாப்பிள்ளக் கோலத்துல அவன ஒருக்காப் பாத்துறணும்னு நெனச்சேன்டி. அது இனி வேற எங்க பாப்பேன்?"

நான் என்னத்தப் படிச்சேன்? என்னத்தப் படிச்சுக் குடுக்கிறேன்?

ஜூலை 11

முப்பத்தோராம் நாள். புதிய பெனர். நுஹ்மான் நானாவின் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, கறுப்புக் கோட்டையும் மெரூன் டையையும் நானே பார்த்து எடுத்தேன். கழுத்து பொருந்தும்வரை நானாவை விடவில்லை.

கட்டுவதற்கு முன் அதை முற்றத்தில் விரித்தோம். அம்மா பக்கத்தில் குந்தி வெகுநேரம் பார்த்தாள்.

"டை கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்று சொல்லி, இழுத்துவிடப் போனாள். விரல் வழுக்கியது. திரும்பவும் இழுத்தாள்.