ஒயரை அறுத்தது நான்தான்

8.3.2002

மதி,

நீ கார் கழுவினதாலதான் ஸ்பீக்கர் போச்சுனு நேத்து கத்திட்டேன். தப்பு என்மேல. காலையில சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஒயர் அறுந்திருக்கு. போன வாரம் உர மூட்டை ஏத்துறதுக்காகப் பின்சீட்டைக் கழட்டினப்போ நான் இழுத்ததுதான். ஒட்டிட்டேன்.

சத்தம் வருதானு பார்க்க, உள்ள கிடந்த பழைய கேசட் ஒண்ணைப் போட்டேன். கல்யாணமான புதுசுல அடி அண்ணாமலை கோயில்கிட்ட காரை நிறுத்திட்டு, டேப்ரிக்கார்டரை மடியில வச்சு நீ பேசினது. "இவருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியலை"னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற. பன்னெண்டு வருஷம் ஆச்சு. முழுசா கேட்டுட்டுதான் இறங்கினேன். இப்ப ஆபீசுக்கு லேட்டு, ஆனாலும் நீயும் கேக்கட்டும்னு காரை விட்டுட்டு பஸ்ல போறேன்.

சாவி டிவி மேல இருக்கு. மாவு பொங்கிடுச்சு, ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன்.

போளூர்ல இருந்து மச்சான் உன்னை உங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக சாயந்திரம் வருவார்னு சொன்ன. வந்தா காபி குடு. போகாதேனு சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல.

செழியன்

ஒண்ணு விட்டுப்போச்சு. அஞ்சரைக்கெல்லாம் வந்துடுவேன், மச்சானை இருக்கச் சொல்லு. போயே ஆகணும்னா நானே கார்ல கொண்டு வந்து விடுறேன். அவர் பின்னாடி உக்காரட்டும். நீ என் பக்கத்துல உக்காரு.