அன்ரோவின் சைக்கிள்

தன்னாமுனை,
மட்டக்களப்பு.
29.08.2010

என் அன்பு மகள் மேர்லினுக்கு,

மாதாவின் காவலில் இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே சுவிஸில் நீயும் மருமகனும் சின்னவளும் குறையில்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் கேட்கிறோம். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் பேசினால் அம்மா குசினிக்குள் நின்று காதைக் கொடுப்பார், நான் சொல்ல நினைப்பதில் பாதியை விழுங்கிவிடுவேன். உயிர்த்த ஞாயிறு அன்று, அண்ணன் அன்ரோவின் ஆன்ம இளைப்பாற்றிக்கு அங்கே ஒரு பூசை ஒப்புக்கொடுக்கட்டுமா என்று நீ கேட்டாய் அல்லவா, அன்றிலிருந்து அம்மா போனுக்கு வரவில்லை. குளிக்கிறா, கோயிலுக்குப் போயிற்றா, குளிக்கிறா என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்லிச் சமாளித்தேன். ஒரு மனுசி எத்தனை தரம் குளிப்பது என்று நீயும் கேட்கவில்லை, உனக்கு விளங்கியிருக்கும். உன்னில் பிழையில்லை மகள். அவன் காணாமல் போய் மூன்று வருடத்துக்கு மேலாயிற்று, உனக்கும் எங்கேயாவது முழந்தாளிட்டு அழ ஒரு இடம் வேண்டும். ஆனால் அம்மாவுக்கு, செத்தவர்களுக்குச் சொல்லும் அந்த ஆன்ம இளைப்பாற்றி என்ற சொல் காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றினது போல ஆகிவிட்டது. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நான் படும் பாட்டை மாதாதான் அறிவா.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறைக்கு ரவுனில் வாவிக்கரையில் இருக்கிற, பழம்பொருள் வைக்கிற சின்ன நூதனசாலையில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். சுனாமியாய்க் கடல் வந்த காலத்தையும் சண்டைக் காலத்தையும் தாண்டி வீடுகளில் மிஞ்சிய சாமான்களைச் சனங்கள் கொண்டுவந்து தரவேண்டுமாம், முடிந்ததும் திருப்பித் தருவார்களாம். வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிற தனுஷா என்ற பிள்ளை அதற்காக ஊரூராகத் திரிந்து எங்கள் வீட்டுக்கும் வந்தது. நான் பஸ் ஓட்டின காலத்துக் காக்கித் தொப்பியை எடுத்துக் காட்டினேன். மரியாதைக்குப் பார்த்தது, அவ்வளவுதான். அதன் கண் முழுக்க விறாந்தையில் நின்ற அன்ரோவின் சைக்கிளில் இருந்தது. உனக்குத் தெரியும், செங்கலடிச் சந்தியில் தெரிந்த கடையில் அதை விட்டுவிட்டுப் பதுளை ரோட்டுப் பஸ்ஸில் ஏறினவன். கடைக்காரர் சைக்கிளைக் கொண்டுவந்து தந்தார், அவன் வரவில்லை. அதன் பிறகு அம்மா சனிக்கிழமை தோறும் செயினுக்கு எண்ணெய் விட்டு, ரயருக்குக் காற்றடித்து வைப்பார். ஒருவரும் ஏறக்கூடாது. கடைக்கு ஒரு ஓட்டம் போய்வரட்டுமா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, பஸ் ஓட்டிப் பழுதாப்போன காலுக்கு நடைதான் நல்லம் என்று பதில் வந்தது.

அம்மா கொடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் பல ஊர்ச் சனமும் வந்து பார்க்கும் என்று அந்தப் பிள்ளை சொன்னதும் யோசித்தார். பார்க்கிறவர்களில் யாராவது ஒருவர் அவனை எங்கேயாவது கண்டிருந்தால் வாய் திறந்து சொல்லக்கூடும் என்பது அவருடைய எண்ணம். கொடுத்துவிட்டோம். தொடக்க நாளன்று நூதனசாலை திருவிழாப் போல இருந்தது, பிள்ளைகளுக்குச் சித்திரப் போட்டி, ஒரு பக்கம் வசந்தன் ஆட்டம், மரத்தடியில் பெண்கள் சங்கத்தின் கொழுக்கட்டைக் கடை. உள்ளே உப்பில் துருப்பிடித்த தையல் மெசின், முகாமில் சமைத்த கிடாரம், சன்னம் துளைத்த தகரக் கதவு. அம்மா ஒன்றையும் பார்க்காமல் நேரே சைக்கிளிடம் போனார். பக்கத்தில் வெள்ளை மட்டையில், அன்ரோ என்ற இளைஞர் பாவித்த சைக்கிள் என்று எழுதியிருந்தது. அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு தனுஷாவைக் கூப்பிட்டு, பாவித்த எண்டு ஏன் பிள்ளை எழுதின, பாவிக்கிற எண்டு எழுது என்றார். அது பயந்துபோய், நூதனசாலையில எல்லாத்தையும் இறந்தகாலத்திலதான் எழுதுறது அம்மா என்று சொல்லிவிட்டது. பாவம், அது இலக்கணம்தான் சொன்னது. அம்மாவின் காதில் அந்தச் சொல்லின் முன்பாதி மட்டும்தான் விழுந்தது. சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, அப்ப என்ர புள்ளைர சாமானத் தா, நான் கொண்டுபோறன் என்று நின்றுவிட்டார். மத்தளக்காரர் கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. பாவிக்கிற என்று எழுதினால் அதுவும் உண்மையில்லை, சைக்கிள் இங்கே சும்மா நிற்கிறது. தனுஷா பேனையைக் கடித்துக்கொண்டே பழைய மட்டையைக் கழற்றியது. பிறகு புது மட்டை ஒன்று எடுத்து, அன்ரோவின் சைக்கிள், தன்னாமுனை என்று மட்டும் எழுதி வைத்தது. காலம் காட்டுவதற்கு அதில் ஒரு வினைச்சொல்லும் இல்லை. அம்மா வாசித்துப் பார்த்து, இது சரி என்றார். பள்ளிக்கூடத்தில் இலக்கணத்துக்கு நான் வாங்காத அடியில்லை, அதில் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

கண்காட்சி நடந்த நாளெல்லாம் அம்மாவுக்கு அங்கேதான் வேலை. சனிக்கிழமையானால் பம்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். காவல்காரர், ஓடாத சைக்கிளுக்கு ஏன் அம்மா காத்து என்று பகிடி பண்ணுவார், அம்மா காதில் வாங்கமாட்டார். வந்த பிள்ளைகள் மணியை அடித்து அடித்து விளையாடும், அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். கடைசிக் கிழமை காத்தான்குடியிலிருந்து சபூரா என்றொரு மனுசி பிள்ளைகளோடு வந்தார். கரியரில் அன்ரோ அடித்து நீலப் பெயின்ற் பூசின பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற அம்மா யாரென்று தெரியாமலே சபூரா அவரிடம், கடல் வந்த அண்டைக்கு இப்பிடி நீலப் பலகை அடிச்ச கரியர்லதான் எங்கட உம்மாவ ஒரு தம்பி ஏத்திற்றுப் போனவர், கல்லடிப் பாலத்தில சனம் நெருக்க நெருக்க மணிய அடிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேத்தவர், பேரக் கேக்கவும் மறந்திற்றம் என்றார். அன்று அன்ரோ கல்லடிப் பக்கம் போய், இருட்டின பிறகு சேறும் சகதியுமாக வந்து, கேட்டதற்கு ஒன்றும் சொல்லாமல் படுத்தது உனக்கும் ஞாபகமிருக்கும். அதே சைக்கிள்தானா என்று எனக்கு நிச்சயமில்லை மகள், நீலப் பெயின்ற் பூசாத வீடு அந்த நாளில் இருந்ததா. அம்மாவுக்கு நிச்சயம். சபூராவின் இரண்டு கையையும் பிடித்து, அவன் என்ர மகன் என்றார். ஏற்றிப் போனவர், மணியை அடித்தவர், கொண்டுபோய்ச் சேர்த்தவர் என்று அந்த மனுசி சொன்னதெல்லாம் இறந்தகாலம்தான். அம்மா ஒன்றுக்கும் கோபிக்கவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார். உம்மா தப்பிற்றாவா என்று கேட்டார். இப்பவும் இரிக்கிறா, என்னோட சண்டை பிடிக்கிறா என்று சபூரா சொல்ல, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் வெளியே வந்து வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்றோடு எல்லாம் முடிந்தது. சைக்கிளை நூதனசாலையிலேயே வைத்திருக்கட்டுமா என்று தனுஷா கேட்டது. அவன் வந்தா எதில போவான் என்று அம்மா முடித்துவிட்டார். நான் ஓட்டோ பிடிக்கப் புறப்பட்டேன். எதுக்கு ஓட்டோ, காத்து இரிக்குதானே, நீங்க ஓடுங்க, நான் பின்னால இரிக்கன் என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றே சந்தேகம் வந்தது. அறுபது சனத்தை ஏற்றி மலையேறின எனக்கு நேற்று ஒரு ஆளை ஏற்றி மூன்றாம் தரத்தில்தான் சைக்கிளை எடுக்க முடிந்தது. அம்மா நீலப் பலகையில், மடியில் பம்பு. பிள்ளையாரடி தாண்டினோம். பிறகு முதுகுக்குப் பின்னால், மேர்லினுக்கு எழுதுங்க, பூசையக் குடுக்கட்டும், ஆன்மா கீன்மா எண்டு ஒண்டும் வாசிக்க வேணாம், அவன்ட பேர மட்டும் வாசிக்கச் சொல்லுங்க என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் ரோட்டோரக் கானுக்குள் கிடந்திருப்போம்.

ஆகவே மகள், பூசையைக் கொடு. உயிரோடிருப்பவருக்கா, மற்றவருக்கா என்று அங்கத்தைய பங்குச் சுவாமி கேட்டால், தன்னாமுனையில் பெயரை மட்டும்தான் எழுதுவது என்று சொல். எனக்கு உள்ளுக்குள் என்ன தோன்றுகிறது என்று நீ கேட்காதே, நானும் எழுதமாட்டேன். ஆயித்தியமலை மாதா திருநாளுக்கு இந்த முறை நடந்தே போவோம் என்கிறார் அம்மா, காலுக்குத் தைலம் இருந்தால் யாரிடமாவது கொடுத்துவிடு. குளிர் தொடங்குமுன் சின்னவளுக்குச் சப்பாத்து வாங்கு, வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே, மருமகனோடு சின்ன விசயத்துக்கெல்லாம் வாய்காட்டாதே. அந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆண்டவரின் ஆசீரும் எங்கள் இருவரின் ஆசீரும் உங்கள் மூவர் மேலும் இருப்பதாக. கடிதம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் எடு. அம்மா குளிக்கப் போகமாட்டார்.

உனக்கும் அன்ரோவுக்கும் அப்பா,
ஜெயராஜா