கைப்பிடி இடது பக்கம் இருக்கு

ஸ்ரீ சிட்டி

நைனாவுக்கு கன்னிகா எழுதறது. உனக்கு இருமல் நின்னுச்சா? அம்மா நேரத்துக்குத் துன்னுதா?

நீ கேட்ட தூண்டிலும் ரீலும் அனுப்பறேன். கடைக்காரர் பளபளன்னு இருந்த விலை ஒசத்தி ரீலையே காட்டிக்கினு இருந்தாரு. நான் ஒவ்வொண்ணா சுத்திப் பார்த்து, ஆட்டமில்லாத சாதா ரீலை எடுத்தேன். கைப்பிடியை எந்தப் பக்கமும் மாட்டலாம். நான் இடது கையால சுத்திப் பார்த்ததால இடது பக்கம் இருக்கு, நீ மாத்திக்கோ.

எழுத்து கோணலா இருக்குன்னு பயப்படாத. கம்பெனி ஹாஸ்டல் படியில வழுக்கிட்டேன், வலது மணிக்கட்டுல லேசான விரிசல்தான். புத்தூர் போய் கட்டு போட்டுக்கினேன். கையைக் கழுத்தோட தூக்கிக் கட்ட அம்மா புடவை ஒண்ணு அனுப்பு. துவைக்காததே போதும்.

கூரியர்காரர் அவசரப்படுத்தறாரு. புத்தூர்ல நம்ம ஊரு நகரி பஸ் எதிர்லயே நின்னுச்சு நைனா. ஏறினா திரும்பி வரமாட்டேன்னு பயந்து ஏறல. அம்மாகிட்ட சொல்லாத.

கன்னிகா