‘கடற்காற்று’ வானொலியில் பாதியில் நின்ற என் வாக்கியம்

அனுப்புநர்:
திருமதி ட்சாய் பி-யுன், இல்லத்தரசி,
மாத்சூ அன்னை கோயில் பின் சந்து,
தா-லுன் துறைமுகம், தென் தைவான்.

பெறுநர்:
ஒலிபரப்பு உரிமப் பிரிவு அதிகாரி அவர்கள்,
மாவட்டத் தலைநகர்.

பொருள்: ‘கடற்காற்று’ பேச்சு வானொலி முத்திரையிடப்பட்டது – என் பேச்சு பாதியில் அறுந்தது – அதை முடிக்க வழி கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

இம்மாதம் மூன்றாம் தேதி நண்பகல் நிலையத்தில் இருந்தவர்கள்: நிலையத்தை நடத்தும் மின்கருவி பழுதுபார்ப்பவர் கோ சுன்-தே, அவர் மனைவி, மீன் விலை வாசிக்க வந்த ஏலக்காரர் ஹுவாங், தங்கள் அலுவலர் இருவர், காவலர் ஒருவர். தொலைபேசியின் மறுமுனையில் நான். அலுவலர்கள் எழுதிய அறிக்கையில் என் பெயர் இல்லை. நேரில் இல்லாதவரை எழுத இயலாதாம். அப்போது பேசிக்கொண்டிருந்தது நான்தான் என்பதால் இதை முதலில் தெரிவிக்கிறேன்.

1. நிலையத்திற்கு உரிமம் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. கோ தம் கடை மாடியில் மூங்கிலில் கம்பி கட்டி, படகுகளுக்கு மீன் விலை சொல்லத்தான் தொடங்கினார். பெண்கள் தொலைபேசியில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். “அண்ணே, நீங்க சொன்ன விலைக்கு எந்தக் கடையில குடுக்குறான்? இப்பவே கூடையோட போறேன், சொல்லுங்க!” இந்தச் சண்டைகளே நாளடைவில் நண்பகல் நிகழ்ச்சி ஆயின. இடையிடையே முழங்கால் வலிக்குக் கஷாயமும் விற்றார். நானும் வாங்கினேன். அதிமதுரம் இனித்தது, முழங்கால் அப்படியே இருக்கிறது. எதையும் மறைக்கக் கூடாதென்று இதையும் எழுதுகிறேன்.

2. அரசு உரிமம் தர முன்வந்தபோது, விண்ணப்பக் காலம் முழுவதும் ஏழாம் நிலா மாதத்தில் விழுந்தது. ஆவிகள் உலவும் அம்மாதத்தில் எங்கள் ஊரில் யாரும் வீடு மாறுவதில்லை, புதுப் படகை நீரில் இறக்குவதில்லை, புதுக் காரியத்திற்குக் கையொப்பம் இடுவதில்லை. எட்டாம் மாதம் பிறந்ததும் கோ குளித்து, ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டு, விண்ணப்பத்துடன் போனார். சன்னலில் இருந்தவர் சொன்னாராம்: “நேத்தோட முடிஞ்சுது மாமா. பேய்க்குப் பயந்தீங்களே, எங்களுக்கும் கொஞ்சம் பயந்திருக்கலாம்ல?” இதைக் கோ தாமே வானொலியில் சொன்னார். ஊரே சிரித்தது. அன்று சிரித்தோம்.

3. என் மகன் பிங்-யுவான், படகை விற்பது பற்றிய சண்டையில் வீட்டைவிட்டுப் போனவன். “என் பொணத்தைப் பாக்கக்கூட நீ வராதே” என்று அவன் தந்தை சொல்லிவிட்டார். இப்போது யாரோ ஒருவருடைய படகில் வேலை செய்கிறான். எந்தப் படகென்று தெரிந்தவர்கள், அவனுக்குக் கொடுத்த வாக்கால் சொல்ல மறுக்கிறார்கள். பண்டிகைதோறும் அவனுக்காகச் சேப்பங்கிழங்கு அடை அவித்துக் கோயில் பின்படியில் வைப்பேன். வைத்ததை வானொலியில் சொல்வேன். ஒருமுறை பெயர் சொல்லாத குரல் ஒன்று நிலையத்தை அழைத்தது.

“அண்ணே, அடை வைக்கிற அம்மாகிட்ட சொல்லுங்க, இந்தத் தடவையும் உப்பு தூக்கல்.”

“யாருடா நீ? ஓசியில தின்னுட்டு உப்பைப் பத்திப் பேசுறே?” என்றார் கோ.

அவன் சிரித்தான். அடுப்படியில் நின்று கேட்டேன். அதன்பின் நான் உப்பைக் குறைக்கவே இல்லை.

4. என் கணவருக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை செய்யப் பதினேழாம் தேதி குறித்திருக்கிறார்கள். பிழைப்பது பாதிக்குப் பாதி என்கிறார் மருத்துவர். இரண்டாம் தேதி அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி, “அவனை வரச் சொல்லு” என்றார். அவர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்தது இதுவே முதல் முறை. மறுநாள் நண்பகல் அழைத்தேன். “பிங்-யுவான், உங்க அப்பா” என்பதுவரை ஒலிபரப்பானது. அதற்குள் தங்கள் அலுவலர் கருவியை நிறுத்திவிட்டார்.

தொலைபேசியில் கோ கெஞ்சியது கேட்டது: “சார், அந்த அக்கா அந்த ஒண்ண மட்டும் சொல்லி முடிச்சுடட்டும்.”

“சொந்த விஷயத்தையெல்லாம் ரேடியோவுல பேசக்கூடாதுங்க. வீட்டுல பேசிக்கச் சொல்லுங்க.”

அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மீது எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஐயா, வீட்டில் பேச முடிந்திருந்தால் நான் வானொலியை ஏன் அழைக்கிறேன்?

5. ‘உங்க அப்பா’ என்பதற்குப் பிறகு என் மகன் தானாக எதைச் சேர்த்துக்கொண்டானோ தெரியவில்லை. அப்பா இன்னும் கோபமாக இருக்கிறார் என்று நினைத்தால் வர மாட்டான். இறந்துவிட்டார் என்று நினைத்தாலும், அன்று அவர் சொன்ன சொல்லுக்காகவே வர மாட்டான். அவனுக்குப் புரிந்ததா என்று எங்கள் கடல் தெய்வம் மாத்சூ அன்னையிடம் குறி பார்க்கும் மரக்கட்டைகள் இரண்டைப் போட்டுக் கேட்டேன். இரண்டும் தட்டைப்பக்கம் மேலாக விழுந்தன. அன்னை புன்னகைக்கிறாள், பதில் இல்லை என்று பொருள். மறுபடி போட்டேன், மறுபடியும் புன்னகைதான். ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

6. நான் உரிமம் கேட்கவில்லை. கருவிகளைத் திருப்பித் தரும்படியும் கேட்கவில்லை. தண்டனையைக் கோ ஏற்றுக்கொள்வார். தங்கள் அலுவலர்கள் பக்கத்தில் நிற்க, ஒரு நண்பகல் மட்டும் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க அனுமதியுங்கள். அதற்கு இடமில்லையெனில், உரிமம் பெற்ற ஏதேனும் ஒரு நிலையம் கடல் வானிலை வாசித்த கையோடு இதைச் சேர்த்து வாசிக்கட்டும்: “பிங்-யுவான், உங்க அப்பா உன்னை வரச் சொன்னார். பதினேழுக்குள்ள வா. அடை வைக்கிற அம்மா.” இதில் ஒரு சொல் அதிகமென்றால் கடைசி மூன்றையும் எடுத்துவிடலாம். அவனுக்குத் தெரியும்.

இதற்கும் வழியில்லையென்றால், இல்லை என்பதையாவது எழுதி அனுப்புங்கள். பதினேழாம் தேதிக்கு முன் பதில் தேவை, விரைவில் தெரிவியுங்கள்.

குடியரசு ஆண்டு 86 (1997), பத்தாம் மாதம், 6
தா-லுன் துறைமுகம்

(ஒப்பம்)
ட்சாய் பி-யுன்