எதிர் வீட்டுக் காரின் பனி விளக்கு

மார்கழி 8, செவ்வாய்

விடியலில் கடும் பனி. எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸே தெரியவில்லை. ஷிப்ட் பஸ் லேட்.

வாங்க வேண்டியவை: பி.பி. மாத்திரை, கொசுவர்த்தி, மனைவி கோமதியின் முழங்காலுக்குத் தைலம்.

எதிர் வீட்டு ஏழுமலை காருக்குப் புதுப் பனி விளக்கு மாட்டியிருக்கிறான். எல்.இ.டி.யாம். எங்கள் ஜன்னல் வரை வெளிச்சம். நேற்று வரை எங்கள் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்குக் காண்ட்ராக்ட் ஆள். அவன் அப்பன் காடாம்புலியூரில் அடுத்தவன் தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்கியவன். இப்போது மகன் பர்மனென்ட், எனக்கு எதிரிலேயே வீடு, புதுக் கார். நான் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். என் கார் பேட்டரி செத்து, கவர் போட்டு நிற்கிறது. தெருவே அவன் காரைத்தான் பார்க்கிறது.

எழுதினால் எரிச்சல் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

மார்கழி 9, புதன்

நல்ல செய்தி. அந்தக் காரில் கோளாறு.

சாவி போட்டதும் மீட்டரில் மஞ்சள் எச்சரிக்கை. பனி விளக்கு வேலை செய்யவில்லை என்கிறது. விளக்கோ ஜோராக எரிகிறது.

"எரியுது சார். கண்ணால பாக்கறோம். இது என்னடான்னா எரியலன்னே சொல்லிக்கினு இருக்குது" என்றான் ஏழுமலை.

வாசலில் காபியோடு உட்கார்ந்து பார்த்தேன். அவன் செய்தவை:

பல்பைக் கழற்றித் துடைத்து மாட்டினான்.
இடதை வலதில், வலதை இடதில்.
பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போனான். வந்து மாட்டினான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது, மறுபடி மஞ்சள்.
கடைசியில் டயருக்கடியில் எலுமிச்சம்பழம். அவன் மனைவி தனத்தின் யோசனை.

காரணம் எனக்கு முதலிலேயே தெரியும். எல்.இ.டி. கொஞ்சம்தான் கரண்ட் இழுக்கும். பழைய பல்பு அளவு இழுக்காததால், பல்பு போய்விட்டது என்று கார் முடிவுகட்டுகிறது. சொன்னால் ஒரு வாக்கியம். சொல்லவில்லை.

"வாங்கின கடையிலேயே போய்க் கேளு" என்றேன்.

இன்றைக்குக் காபி நன்றாக இருந்தது.

மார்கழி 12, சனி

வார ஓய்வு. தைலம் வாங்க மறந்தேன். கோமதி முழங்காலை நீவிக்கொண்டே சமைத்தாள்.

பண்ருட்டிக் கடைக்காரன் ஏழுமலைக்கு இரண்டு ரெசிஸ்டர் கொடுத்திருக்கிறான். விரல் நீள உலோகக் கட்டை, பக்கத்தில் வரிவரியாகப் பள்ளம். பல்போடு சேர்த்துக் கொடுத்தால் அது கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், கார் ஏமாந்துவிடும். அப்படி இழுக்கும் கரண்ட் எல்லாம் சூடாக மாறும், கை வைத்தால் தோல் வந்துவிடும். இரும்பில் திருகி, காற்றுப்பட விட வேண்டும்.

இவன் என்ன செய்தான் என்றால், மைன்ஸ் டேப்பை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். எங்கள் மைன்ஸில் எல்லாரும் அப்படித்தான். எந்த ஜாயின்ட்டைக் கண்டாலும் கரித்தூசியும் தண்ணீரும் போகாமல் ரப்பர் டேப் சுற்று, அதன்மேல் இன்னொரு சுற்று. புதிதாகச் சேரும் ஆளுக்கு முதல் பாடமே அதுதான். பெல்ட் ஒயருக்குச் சரி. இதற்குச் சுற்றினால் அடுப்பைப் போர்வையால் மூடின கதை.

சுற்றினான், சுற்றினான், கொழுக்கட்டை அளவுக்கு ஆகிவிட்டது. பம்பரின் பிளாஸ்டிக்குக்குள் ஒயர்க் கட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். பக்கத்திலேயே நின்றேன்.

"தூசி ஒரு பொட்டு உள்ள போவாது சார். நீங்க ஒருவாட்டி பாத்து சரின்னுட்டா போதும்."

"சரியா இருக்கு" என்றேன்.

சாவி போட்டான். மஞ்சள் இல்லை. தனம் வெளியே ஓடிவந்து கை தட்டினாள்.

நான் கட்டவில்லை. அவனேதான் கட்டினான். கேட்டதற்கு ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.

மார்கழி 13, ஞாயிறு

ஏழுமலை வீட்டிலிருந்து ஒரு டப்பா முந்திரி. "சாருக்கு." முழுப் பருப்பு, உடைசல் இல்லை. கோமதி வறுத்தாள். தின்றேன்.

மார்கழி 15, செவ்வாய்

முதல் ஷிப்ட். சப்ஸ்டேஷனில் எலி செத்து நாற்றம். ஹெல்ப்பரைத் திட்டினேன், அவன் மேல் தப்பில்லை.

ஏழுமலை காருக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. பிளாக் விட்டு பிளாக் போவதற்கு எவன் பனி விளக்குப் போடுகிறான்? தொடர்ந்து எரிந்தால்தான் அந்தச் சூடு வேலை காட்டும். பம்பர் இளகித் தொங்கும், நாலு பேர் சிரிப்பார்கள். அது போதும் எனக்கு.

மார்கழி 17, வியாழன்

மாலையில் தனம் வாசலில் நின்று கோமதியிடம் சொன்னது, உள்ளே எனக்கும் கேட்டது:

"சனிக்கெழம திருவாதிரைக்கு செதம்பரம் போறோங்க்கா. விடியக்காலம் நாலு மணிக்கு கெளம்பணும். கார்ல எடம் கெடக்குது, நீங்களும் வாங்க. பாப்பாவும் வருது."

பாப்பா என்பது பிளஸ் டூ படிக்கும் அவர்கள் மகள்.

நாலு மணி. வடலூர், சேத்தியாத்தோப்பு வழி. மார்கழிப் பனி. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

கோமதி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். கல்யாணமானதிலிருந்து திருவாதிரைக்குச் சிதம்பரம் கேட்கிறாள். நான் கூட்டிப்போனதில்லை.

மார்கழி 18, வெள்ளி

பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்திருந்தாள்.

போக வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். பொருத்தமான பொய் வரவில்லை, அதனால் திட்டினேன். ஓசிச் சவாரிக்கு அலைவது அவள் தம்பியிலிருந்து வந்த குணம் என்றேன். கண்டவன் காரில் ஏறிப் போனால் என் மரியாதை என்ன ஆவது என்றேன். பிறகு, வாய் தவறி:

"வேணும்னா பஸ்ல போ. அந்தக் கார்ல மட்டும் ஏறாத."

"முழங்காலை வச்சுக்கிட்டு அந்தக் கூட்டத்துல பஸ்ல எப்படிப் போவேன்?" என்றாள். புடவை பீரோவுக்குள் போனது. எதிர் வீட்டுக்குப் போய்த் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

இப்போது எழுந்து போய், "டேப்பைப் பிரிச்சிடு" என்றால் முடிந்தது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு முன்னால் என்னால் நிற்க முடியாது. காண்ட்ராக்ட் ஆளாக இருந்தவன் முன்னால் தலை குனிவதா?

பம்பர்தானே இளகும். போகட்டும்.

மார்கழி 19, சனி

விடியற்காலை நாலு மணிக்குக் கார் கிளம்பியது. படுத்தபடியே கேட்டேன். அதற்குப் பிறகு தூக்கமில்லை. பனி நேற்றைவிட அதிகம். வார ஓய்வுதான்.

பதினொரு மணி. ஆட்டோவில் மூவரும் வந்து இறங்கினார்கள். கார் இல்லை. ஏழுமலையின் இரண்டு கையிலும் பெரிய கட்டு.

நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான்.

"வளையமாதேவி தாண்டி போய்க்கினு இருந்தோம் சார். முன்னால வெள்ளையா வந்துச்சி. மொதல்ல பனின்னுதான் நெனச்சேன். அப்புறம்தான் ரப்பர் நாத்தம். பின்னாடி புள்ள தூங்கிக்கினு இருக்குது. எறக்கணும்னுகூட தோணல, ஓடிப்போய் எரியிற ஒயர கையாலயே பிச்சி எறிஞ்சிட்டேன். டேப்பு உருகி உள்ளங்கையில ஒட்டிக்கிச்சி."

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். வலது கை விரல் மடக்க வருமா என்று பிறகுதான் தெரியுமாம்.

"கடைக்காரன் மட்டமான சரக்க குடுத்து ஏமாத்திட்டான் சார். சுத்தனதுல தப்பு இல்ல. நீங்களே பாத்து சரின்னு சொன்னீங்களே. நல்லவேள, அக்கா வரல. அதுக்குத்தான் சாமிய கும்பிட்டேன்."

அழுதான். தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

கோமதி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவன் போனதும் என்னிடம் வந்தாள்.

"அவன் சுத்துறப்ப பக்கத்துலதானே நின்னிய?"

"ஆமா."

"அது சூடாகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"'பஸ்ல போ, அந்தக் கார்ல மட்டும் ஏறாத'ன்னிய. அந்தப் புள்ள ஏறலாமா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நேரம் கேட்பது போலக் கேட்டாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதே வாயில் பி.பி. மாத்திரையைப் போட்டேன்.

சோற்றையும் ரசத்தையும் தூக்கில் எடுத்துக்கொண்டாள். ஏழுமலைக்கு யாராவது ஊட்டித்தான் ஆக வேண்டும். அங்கே ஒன்றும் சொல்லிவிடாதே என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிர் வீட்டில் தனத்தின் குரல், கோமதியின் குரல், பாத்திரச் சத்தம். கோமதிதான் அதிகம் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்று காதில் விழவில்லை.

இப்போது அங்கே யாருமே பேசவில்லை. ஏழுமலை வாசலுக்கு வந்து என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.