நமக்குப் பொதுவாக இருந்த டிரைவ்

புது ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்த வகையில் ஃபார்மேட் செய்யட்டும் என்று திரை கேட்கிறது. ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இனி இந்தக் கம்ப்யூட்டரில் நான் ஒருவன்தானே. ஆனாலும் கை ஓடவில்லை. இதற்கெல்லாம் நீதான் பதில் சொல்வாய்.

செஞ்சி பஜாரில் நம் ஸ்டூடியோவுக்கு இருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஆல்பம் போட எனக்கு விண்டோஸ், கல்யாண வீடியோ வெட்டி ஒட்ட உனக்கு லினக்ஸ். ஒரே பெட்டியில் இரண்டையும் குடிவைத்து, இரண்டிலிருந்தும் ஃபைல்களை எடுத்துப் போட நடுவில் ஒரு பொது டிரைவ் பிரித்தாய். முதலில் அதற்கு ஃபேட் என்ற பழைய ஃபார்மேட்டைப் போட்டாய். சிங்கவரத்துக் கல்யாண வீடியோ ஒரே ஃபைலாக நாலு ஜிபியைத் தாண்டியதும் அது ஏற்க மறுத்தது. எக்ஸ்ஃபேட் போடலாமே என்றேன்.

"நம்ம ஊரு கரண்டுக்கு அது தாங்காதுடா. எழுதிட்டு இருக்கசொல்ல கரண்ட் போச்சுன்னா எல்லாம் போயிடும்" என்று என்.டி.எஃப்.எஸ். போட்டாய். கூடவே ஒரே ஒரு நிபந்தனை. "கெளம்பும்போது ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிடு. தூங்க வெச்சுட்டுப் போனியானா, நான் இந்தப் பக்கம் எழுதுனது அதுக்குத் தெரியாது. முழிச்சதும் பழைய ஞாபகத்துல மேல எழுதித் தொலைச்சுடும்."

அந்த வைகாசி முகூர்த்தத்தன்று ஆல்பத்தின் இருபது பக்கங்களைத் திறந்து வைத்திருந்தேன். அடுத்த மண்டபத்துக்கு நேரமாகிவிட்டது. ஒவ்வொன்றாக மூட யாருக்குப் பொறுமை? அப்படியே தூங்க வைத்துவிட்டு ஓடினேன். தளவானூர் கல்யாணத்தை எடுத்து முடித்துக் கடைக்கு வந்த நீ ஃபோன் செய்தாய்.

"டிரைவ் எழுத விடமாட்டேங்குது. ஷட்டவுன் பண்ணிட்டியா, இல்லியா?"

"பண்ணிட்டேன்டா. கரண்ட் போய் வந்திருக்கும்" என்றேன். சுலபமாக வந்துவிட்டது வாயில்.

நீ நம்பினாய். டிரைவைச் சரிசெய்து திறந்து, கல்யாணத்தை அதில் ஏற்றினாய். சீசனில் நாம் எப்போதும் செய்வதுபோல, மாலை ரிசப்ஷனுக்காகக் கேமரா கார்டுகளை அழித்தாய். மறுநாள் காலை நான் விண்டோஸைத் திறந்தேன். என் இருபது பக்கங்களும் விட்ட இடத்தில் இருந்தன. தளவானூர் கல்யாணம் இல்லை. நீ இரண்டு நாள் முட்டி மோதியும் ஃபைல்களின் பெயர்கள் மட்டுமே மீண்டன.

பெண்ணின் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை. "தாலி கட்டுனது கூடவா இல்ல?" என்று மட்டும் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய்.

"இவன்தாங்க லினக்ஸ்ல இன்னாத்தையோ பண்ணிட்டான்" என்றேன்.

நீ அவரிடம் கைகூப்பினாய். அந்த மாதமே திண்டிவனத்தில் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டாய். பஸ் ஏற்றிவிட நானும் வந்தேன், வெட்கமில்லாமல்.

போன மாதம் உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, உன் வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதற்கு மேலும் இதைச் சுமக்க என்னால் முடியவில்லை.

"தப்பு என்னோடதும்மா. அன்னிக்கு அவன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவருக்கு அப்பவே தெரியும்ணா. நீங்க தெறந்து வெச்ச பக்கமெல்லாம் அப்படியே இருந்துச்சாமே. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தாரு. உங்க ஃபோன் வந்தா வெளிய போய் நின்னு பேசுவாரு. உள்ள வந்ததும், சொன்னாரான்னு கேப்பேன். இல்லம்மான்னுவாரு."

திட்டியிருந்தால்கூடத் தேவலாம். மூன்று வருடம், வாரம் தவறாமல் உன்னைக் கூப்பிட்டேனடா. ஒவ்வொரு முறையும், அங்கே மழை உண்டா என்றுதான் கேட்டிருக்கிறேன்.